சிரட்டை, ரப்பர் வேர், பழைய கதவு: கைவேலை எங்கே கெட்டுப்போகிறது

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு ரப்பர் வேரைக் கழுவிச் சுத்தம் செய்து, வார்னிஷ் அடித்து, உள்ளே பல்பு வைத்து, மேசை விளக்காக்கி மார்த்தாண்டத்தில் இருக்கும் அக்காவுக்குக் கொடுத்தேன். வருகிறவர்கள் எல்லாம் எங்கே வாங்கியது என்று கேட்கிறார்களாம். எனக்கு இரண்டு மாதம் கால் தரையில் இல்லை. நாலாம் மாதம் போன் வந்தது. "வெளக்குக்கு அடியில தெனமும் மைதா மாவு மாதிரி கொட்டுதுடே. தூத்து வாரினா மறுநாளும் கெடக்கு." போய்ப் பார்த்தால் வார்னிஷைத் துளைத்துக்கொண்டு குண்டூசி குத்தியதுபோல நூறு ஓட்டை.

குமரி மாவட்டத்திலும் கேரள எல்லைக்கு அப்பால் பாறசாலை, நெடுமங்காடு பக்கத்திலும் கைவேலை தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த ரப்பரில்தான் முதலில் விழுவார்கள். 25, 30 வருஷம் ஆகிப் பால் குறைந்ததும் தோட்டத்தை வெட்டி மறுநடவு செய்வார்கள். தடி லாரியில் போய்விடும். வேரும் கிளையும் கேட்டால் சும்மாவே கிடைக்கும். ஆனால் ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாளிலேயே நீலம் பாரித்துப் பூசணம் ஏறும், பின்னாலேயே உளுக்கும் வண்டு முட்டையிடும். நான் வார்னிஷ் அடித்தபோது புழு உள்ளேதான் இருந்திருக்கிறது. வெளியே வர மட்டும்தான் ஓட்டை போட்டது.

வெட்டிய கையோடு, பச்சையாக இருக்கும்போதே, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ஆலைகளில் இதையே அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் ஏற்றுவார்கள். வீட்டுத் தொட்டியில் அவ்வளவு ஆழம் போகாது. அதனால் முதலில் வேண்டிய அளவுக்குச் சிறிதாக அறுத்து, பட்டையை உரித்து, அப்புறம் ஊறவையுங்கள். பட்டையோடு இருந்தால் அழகுதான், ஆனால் வண்டுக்கும் அந்தப் பட்டைக்கு அடியில்தான் குடித்தனம். இந்த மருந்து தண்ணீரில் கரைந்து போய்விடும் என்பதால் முற்றத்தில் மழை படும் இடத்தில் வைக்கும் பொருளுக்கு ரப்பர் வேண்டாம்.

அடுத்த தவறு, ஈரம். இங்கே ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. மரம் காய்வதற்கு அவகாசமே கிடைக்காது. ஒரு அங்குல கனப் பலகை நிழலில் காய ஏறத்தாழ ஒரு வருஷம் என்பது ஆசாரிமார் கணக்கு. கிளையை வட்டமாக அறுத்துக் கடிகாரம் செய்கிறோம் அல்லவா, அது ஏன் நடுமையம் வரை ஆப்பு வடிவில் பிளக்கிறது? மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வட்டத்தால் அதைத் தாங்க முடியாது. வெயிலில் வைத்தால் இன்னும் சீக்கிரம் பிளக்கும். சாய்வாக அறுத்து, நிழலில் செய்தித்தாள் சுற்றி மெதுவாகக் காயவிட்டால் பாதியாவது தப்பும். பிளந்ததை ரசிக்கவும் செய்யலாம், நான் அப்படித்தான் சமாளிக்கிறேன்.

தேங்காய்ப்பட்டணம், முட்டம் கரையில் ஒதுங்கும் கட்டை வேறு வகை. வெள்ளை பூத்து, எலும்பு மாதிரி, பார்த்ததும் ஆசை வரும். உள்ளே முழுக்க உப்பு. உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆணி துருப்பிடிக்கும், பாலிஷ் உரியும். சில வாரம் நல்ல தண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பித்தளை ஆணியோ மரமுளையோ போதும், இரும்பு வேண்டாம். கட்டையோடு கூடவே பவளத் துண்டு, கடல் விசிறி, காய்ந்த கடல்குதிரை என்று பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். மூன்றுமே 1972ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. செத்து ஒதுங்கியது என்ற பதில் எடுபடாது.

சிரட்டைக்கு (வடக்கே கொட்டாங்கச்சி) நன்றாக முற்றிய தேங்காயாகப் பாருங்கள். இளசு வெளிறி இருக்கும், காயக் காயக் கோணும். ஹேக்சா பிளேடு துண்டால் நாரைச் சுரண்டி, 80, 120, 220, 400 என்று உப்புத்தாள் வரிசையில் இறங்க வேண்டும் (எண் கூடக்கூடத் தாள் நைசாகும்). அவசரத்தில் 80க்கு அப்புறம் நேராக 400க்குத் தாவினால் கீறல் அப்படியே நிற்கும். வார்னிஷ் அதை இன்னும் பளிச்சென்று காட்டும். பத்மநாபபுரம் அரண்மனையின் கறுத்த தரை சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்தது என்பார்கள். அது பளபளப்பதும் தேய்ப்பால்தான்.

எண்ணெய்க்கு வருவோம். நமக்குத் தலைக்கும் தேங்காய் எண்ணெய், தோசைக்கும் அதுதான், மரத்துக்கும் அதையே எடுத்துத் தடவுகிறோம். சிரட்டைக் கரண்டியில் ஒரு துளி தேய்ப்பதில் குற்றமில்லை. மரத்தில் அது காயவே காயாது. பிசுபிசுத்து, தூசி பிடித்து, காறல் வாடை வரும். காயும் எண்ணெய் ஆளிவிதை எண்ணெய். அதைத் துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், குவியலுக்குள் அந்தச் சூடு ஏறித் தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். வள்ளத்துக்குப் பூசும் அண்டி எண்ணெய், அதாவது முந்திரி ஓட்டு எண்ணெய், பூச்சியை நன்றாக விரட்டும். ஆனால் தோலில் பட்டால் பொத்துவிடும். அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்த்த பெண்களின் விரல்களைப் பார்த்தால் சொல்லவே வேண்டாம். கையில் எடுக்கும் பொருளுக்கு அது ஆகாது.

இடித்த வீட்டுக் கதவும் உத்தரமும் எனக்கு மிகப் பிடித்த சரக்கு. அயனியும் தேக்கும் பத்து மழைக்காலம் தாண்டி ஆட்டம் நின்ற மரங்கள். கெடுப்பது நாம்தான். இயந்திரத்தில் கொடுத்து இழைத்தால் புதுப் பலகையாகிவிடும், அப்புறம் பழைய மரம் எதற்கு? அறுக்கும் முன் ஒரு காந்தத்தை மேலே ஓட்டுங்கள், தலை உடைந்த ஆணிகள் ஒளிந்திருக்கும். பச்சை, நீலப் பெயிண்ட் அடுக்கடுக்காக இருந்தால் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்பது 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய பெயிண்டில் அதைவிடப் பல மடங்கு இருக்கலாம். நனைத்துச் சுரண்டுங்கள், முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

வாங்கும்போது ரசீதும் கேளுங்கள். எல்லையில் களியக்காவிளை வழியே வண்டியில் மரம் போகும்போது, ஈட்டியா தேக்கா, யார் வீட்டு மரம் என்று கேட்டால் வாய்ப்பேச்சு உதவாது. கதவில் யாளியோ தாமரையோ செதுக்கியிருந்து, வீடு நூறு வருஷம் தாண்டியது என்றால் அறுப்புவாளை எடுக்காதீர்கள். அது 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரலாம், தொல்லியல் துறையில் கேட்டுவிட்டு மேலே போங்கள். போன மாதம் பழைய மரக்கடை ஒன்றில் அப்படி ஒரு தாமரையை நடுவில் அறுத்து இரண்டு டீப்பாய்க்குப் பலகையாக்கி வைத்திருந்தார்கள். இதழ் பாதி இங்கே, பாதி அங்கே. விலை மட்டும் முழுசாகச் சொன்னார்கள்.