சீட்டு விளையாட்டுக்குப் பகை இனங்கள்: கொம்பும் வாலும் அப்புறம்

கற்பனை இனங்களை வைத்துச் சீட்டு விளையாட்டு அமைக்கும்போது பலரும் தோற்றத்தில்தான் தொடங்குகிறார்கள். அந்த இனங்கள் எதற்காக அடித்துக்கொள்கின்றன என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அது மேசை மேல் கையால் தொடக்கூடிய பொருளாக இருக்கட்டும்.

உதாரணத்துக்குத் தண்ணீர். நடுவில் 12 நீலச் சில்லுகள். சேற்றுவாசிகளுக்குச் சில்லு சேரச் சேரப் பலம் கூடும். உலைக்காரர்கள் சில்லைச் செலவழித்தால்தான் தாக்க முடியும். மூன்றாவது இனமான கழுகுத்தலையர் அடுத்தவர் சில்லைத் திருடுவார்கள். ஒரு வரி கதை எழுதாமலே பகை வந்துவிடும்.

1993-ல் வந்த 'மேஜிக்: த கேதரிங்' என்ற சீட்டு விளையாட்டு ஐந்து நிறங்களை வட்டமாக வைக்கிறது, பக்கத்து இரண்டு நட்பு, எதிரே உள்ள இரண்டு பகை. முதல் முயற்சிக்கு ஐந்து அதிகம், மூன்று போதும்.

வழக்கமாகச் சொதப்பும் இடம்: "உலைக்காரருக்கு எதிராக +3" என்ற சீட்டு. எதிராளி வேறு இனம் என்றால் அது கையில் வெறும் காகிதம். உலைக்காரர் என்றால் ஆட்டம் தொடங்கும் முன்பே முடிந்தது. இனத்தைக் குறிவைக்காமல் செயலைக் குறிவையுங்கள்: "இந்தச் சுற்றில் சில்லு செலவழித்தவரைத் தாக்கினால் +2". உலைக்காரருக்குத்தான் அதிகம் வலிக்கும், ஆனால் எவரிடமும் பயன்படும்.

இனத்துக்கு 10 சீட்டு, காகிதத்தில் பென்சிலால் எழுதி, பழைய சீட்டோடு சேர்த்துச் சீட்டு உறைக்குள் செருகுங்கள். ஒவ்வொரு இன ஜோடிக்கும் ஆறு ஆட்டம், தொடங்குபவரை மாற்றி மாற்றி. 5-1 என்று வந்தால் ஒரே ஒரு எண்ணை மட்டும் திருத்துங்கள். இரண்டைத் தொட்டால் எது வேலை செய்தது என்றே தெரியாது.