சிமுலேஷனில் இடிக்காதது மெஷினில் ஏன் இடிக்கிறது?

டர்பனில், ஜேக்கப்ஸ் பக்கம் நான் வேலை பார்க்கும் சிஎன்சி (கணினிக் கட்டளைப்படி உலோகம் வெட்டும் மெஷின்) பட்டறையில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் எல்லோரும் ஒருநாள் இதைக் கேட்டுவிடுவார்கள்: "சிமுலேஷன்ல எங்கேயும் சிவப்பு வரலையே அண்ணா, அப்புறம் எப்படி இடிச்சுது?"

பெரும்பாலான கேம் (CAM, வெட்டும் வழியைத் திட்டமிடும்) மென்பொருள்கள் திரையில் ஓட்டிக் காட்டுவது தங்களுக்குள் வைத்திருக்கும் டூல்பாத்தை, அதாவது டூல் போகும் வழியைத்தான். அதை உங்கள் மெஷினின் கன்ட்ரோலுக்குப் புரியும் ஜி-கோடாக, அதாவது கட்டளை வரிகளாக எழுதுவது போஸ்ட் பிராசசர், அதன் வேலை சிமுலேஷனுக்கு அப்புறம்தான் வருகிறது. அதில் ஒரு வரி தப்பினால் படத்தில் தெரியவே தெரியாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 40 மிமீ உயர வெண்கலக் கட்டை, இசட் (மேலும் கீழும் போகும் அச்சு) சைபரைக் கட்டையின் அடியில் வைத்திருந்தேன். டூல் முடிந்ததும் மேலே போக ஜி91 ஜி28 இசட்0 என்று போஸ்ட் எழுதும், அதைச் சுருக்குகிறேன் என்று அந்த ஜி91-ஐ நானே எடுத்துவிட்டேன். ஃபானுக் கன்ட்ரோலில் ஜி28 நேராக ஹோமுக்கு (மெஷினின் தொடக்க இடத்துக்கு) போகாது, நீங்கள் கொடுத்த இடத்தைத் தொட்டுவிட்டுத்தான் போகும். ஜி91 இருந்தால் 'இருக்கும் இடத்திலிருந்து சைபர் தூரம்', அதாவது அப்படியே மேலே. ஜி90-இல் எண்ணைச் சைபரிலிருந்து அளப்பதால் அதே இசட்0 என்றால் வொர்க் ஜீரோ, அதாவது கட்டையின் அடி. 12 மிமீ எண்ட்மில் (வெட்டும் டூல்) ரேப்பிட், அதாவது வெட்டாமல் நகரும் முழு வேகத்தில் கட்டைக்குள் இறங்கி முறிந்தது. சிமுலேஷனிலோ டூல் அழகாக மேலே ஏறியிருந்தது.

அதனால் முதல் வேலை, போஸ்ட் செய்த ஃபைலை நோட்பேடில் திறந்து படியுங்கள். எல்லா வரியும் வேண்டாம், தொடக்கமும் ஒவ்வொரு டூல் மாற்றமும் போதும். ஜி21 (மில்லிமீட்டர்) இருக்கிறதா, ஜி54 (வொர்க் ஜீரோ எங்கே என்பது) சரியா, 5-ஆம் டூலுக்கு அதன் நீளத்தை எடுக்கும் ஜி43 எச்5 தான் வந்திருக்கிறதா, ஜி28-க்கு முன்னால் ஜி91 இருக்கிறதா, அதற்குப் பிறகு ஜி90 திரும்ப வந்ததா? துளை போடுவதாக இருந்தால் துளைக்குத் துளை தொடங்கிய உயரத்துக்கே ஏறும் ஜி98-ஆ, தாழ்வாகவே நகரும் ஜி99-ஆ என்றும் பாருங்கள், நடுவில் கட்டையைப் பிடிக்கும் கிளாம்ப் இருந்தால் ஜி99 அதன் மேலேயே போய் விழும். டூலின் ஆரத்துக்கு ஏற்ப வழியைத் தள்ளும் ஜி41 இருந்தால் ஆஃப்செட் பக்கத்தில் டி (D, ஆர ஆஃப்செட்) மதிப்பைப் பார்த்தே ஆக வேண்டும், சிமுலேஷனுக்கு அந்த எண் தெரியாது.

அடுத்து அதே ஃபைலை என்சி வியூவர் மாதிரி ஜி-கோடையே படித்து வரையும் ஒன்றில் போடுங்கள். வசதியுள்ள பட்டறைகள் வெரிகட் என்ற மென்பொருள் வைத்திருக்கும், அது மெஷினையே மாதிரியாக வைத்து ஓட்டும். இலவச வியூவர் உங்கள் கன்ட்ரோல் போலவே ஜி28-ஐ ஓட்டும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். ரேப்பிடும் அப்படித்தான்: திரையில் நேர்கோடாகத் தெரியும் ஜி0, சில மெஷின்களில் ஒவ்வொரு அச்சும் தன் வேகத்தில் ஓடுவதால் வளைந்து போகும். ஃபானுக்கில் அதை முடிவு செய்வது பாராமீட்டர் 1401.

கடைசியாக மெஷினில், எல்லா வொர்க் ஜீரோவையும் சேர்த்து நகர்த்தும் எக்ஸ்டர்னல் ஆஃப்செட்டில் இசட்டுக்கு 100 மிமீ கூட்டி, வரிக்கு வரி நிற்கும் சிங்கிள் பிளாக்கில், ரேப்பிடை 25 சதவீதத்தில் வைத்துக் காற்றில் ஓட்டுங்கள். கண் 'டிஸ்டன்ஸ் டு கோ'வில் (இன்னும் போக வேண்டிய தூரம்) இருக்கட்டும். டூல் மேலே போக வேண்டிய இடத்தில் இசட் எண் மைனஸில் வந்தால் உடனே நிறுத்துங்கள். நான் இதைச் செய்திருந்தால் அந்த எண்ட்மில் பிழைத்திருக்கும். முடிந்ததும் அந்த 100-ஐ மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

ஓடும்போது மின்வெட்டு வந்து நின்றுவிட்டால் நின்ற வரியிலிருந்து தொடங்காதீர்கள். ஜி43, ஜி54, ஸ்பிண்டிலை (டூலைச் சுழற்றுவது) ஓட்டும் கட்டளை எல்லாம் மேலே டூல் மாற்றத்தில்தான் இருக்கின்றன. மெஷினை ஹோம் செய்துவிட்டு, அந்த டூல் மாற்ற வரிக்கே திரும்பிப் போங்கள்.