அருங்காட்சியக இணையதளங்களில் பார்வையற்றோரைத் தடுக்கும் தவறுகள்

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த இருவர், ஓர் அருங்காட்சியகத்துக்குச் செய்த இணையதளத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த அதே தவறுகள், ஏறக்குறைய அதே வரிசையில். எழுத்தைப் பெரிதாக்க வழி வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும்; அதை விட்டுவிடுகிறேன்.

பட்டியல் வரியையே மாற்று உரையாக ஒட்டுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. படத்தைப் பார்க்க முடியாதவருக்கு ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் மென்பொருள், வாசித்துக் காட்டுவதுதான் மாற்று உரை. சேகரிப்புப் பட்டியலில் இருந்த தலைப்பு, ஊடகம், அளவு ஆகியவற்றை அப்படியே எடுத்து, ஆயிரக்கணக்கான படங்களுக்கு ஒரே இரவில் ஏற்றினேன். தானியங்கிச் சோதனைக் கருவி ஒரு பிழையும் சொல்லவில்லை. எப்படிச் சொல்லும்? மாற்று உரை இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும். அது உருப்படியாக இருக்கிறதா என்று பார்க்காது.

பிறகு பார்வையற்ற ஒருவர் சோதிக்க வந்தார். “பெண்ணின் உருவப்படம், கேன்வாஸில் எண்ணெய் வண்ணம், 60க்கு 45 செ.மீ.” என்றது ஸ்கிரீன் ரீடர். படத்தின் கீழேயும் அதே வரி இருந்ததால் மறுபடியும் வாசித்தது. அவர் ஹெட்போனைக் கழற்றினார்.

“அளவை இரண்டு முறை கேட்டுவிட்டேன். அந்தப் பெண் என்னதான் செய்கிறாள்?”

ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் பிரிக்காத கடிதம் என்றேன்.

“அதை எழுதியிருக்கலாமே.”

எழுதினோம், காப்பாளர்களோடு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக. இரண்டு ஆண்டுகள் ஆயின. “ஓவியத்தின் படம்” என்று தொடங்காதீர்கள். படம் என்பதை மென்பொருளே சொல்லிவிடும். வெறும் அலங்காரக் கோடு என்றால் மாற்று உரையைக் காலியாக விடுங்கள். நிரலில் மாற்று உரைக்கான alt பண்பையே நீக்கினால் சில ஸ்கிரீன் ரீடர்கள் கோப்பின் பெயரை வாசித்து உயிரை வாங்கும்.

அறிவிப்பைப் போஸ்டராக மட்டும் போடுவது

“இன்று விடுமுறை” என்பது படத்துக்குள் மட்டும் இருந்தால், பூட்டிய கதவைத் தொட்டுத்தான் பார்வையற்றவர் தெரிந்துகொள்வார்.

வெள்ளைமேல் வெளிர்சாம்பல்

இணைய அணுகலுக்கான டபிள்யூசிஏஜி நெறிமுறையின் நடு நிலையான ஏஏ நிலைக்குச் சாதாரண எழுத்து பின்னணியிலிருந்து ஒளிர்வில் குறைந்தது 4.5:1 மாறுபட வேண்டும். பெரிய எழுத்துக்கு 3:1. வடிவமைப்பாளர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

ஓரத்தில் மிதக்கும் “அணுகல்” பொத்தான்

தளத்தை ஒரே சொடுக்கில் அணுகத்தக்கதாக்குவதாகச் சொல்லி விற்கும் செருகுநிரல் இது. வாங்காதீர்கள்.

மவுஸோடு சோதிப்பது

மவுஸைக் கழற்றி, திரையை அணைத்துவிட்டு ஒரு டிக்கெட் வாங்கிப் பாருங்கள். என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம்தான். புதியவர்கள் இருவரும் நேற்று முயன்றார்கள். தேதி தேர்ந்தெடுக்கும் நாள்காட்டிக்குள் டேப் விசை நுழைந்தது. பதினைந்து நிமிடம் தட்டியும் வெளியே வரவில்லை.