பழைய கார் வாங்கும் முன் எம்.ஓ.டி வரலாற்றைப் படியுங்கள்

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பக்கம் குடும்பத்துக்குப் பழைய கார் தேடுகிறீர்களா? விற்பவரிடம் பேசும் முன்பே நம்பர் பிளேட் எண்ணை அரசின் எம்.ஓ.டி (கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் வருடாந்திரச் சோதனை) வரலாற்றுப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள், காசு கிடையாது, 2005 முதல் நடந்த சோதனைகள் மைல் கணக்கோடு வரும். பாஸா ஃபெயிலா என்று மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். ஒரு ஹெட்லைட் பல்பு எரியாவிட்டால்கூட ஃபெயில்தான், அது பெரிய விஷயமே இல்லை.

நான் முதலில் படிப்பது 'அட்வைசரி' குறிப்புகளை, அதாவது ஃபெயில் ஆக்கும் அளவுக்கு இல்லை, ஆனால் கவனியுங்கள் என்று சோதிப்பவர் எழுதுபவை. ஒரு வருடம் 'முன் டயர் தேய்மானம்' என்று இருந்து அடுத்த வருடம் அது இல்லையென்றால் உரிமையாளர் கவனித்திருக்கிறார்; அதே பிரேக் பைப் துரு வருடா வருடம் தொடர்ந்து வந்து கடைசியில் ஃபெயில் ஆகியிருந்தால், செலவே செய்யாமல் ஓட்டியிருக்கிறார், அந்தக் காரை விட்டுவிடுங்கள். அடிப்பாகத்தில் துரு என்றால் இன்னும் உஷார், வெல்டிங் செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. மைல் கணக்கு திடீரெனக் குறைந்திருந்தால் காரணம் கேளுங்கள் (சில சமயம் சோதித்தவர் தப்பாகப் பதிந்திருப்பார்).

அப்புறம், இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் நிலையை எம்.ஓ.டி பார்ப்பதில்லை. அதற்கு சர்வீஸ் ரசீதுகளைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், முக்கியமாக டைமிங் பெல்ட் (இன்ஜின் பாகங்களை ஒத்திசைவாக ஓட வைக்கும் பட்டை) மாற்றிய ரசீது.