மட்டக்களப்பில் முதல் ரிமோட் ஹெலிகொப்டர்: எதை வாங்குவது, எப்படித் தொடங்குவது?

முதலில் காற்றைப் பாருங்கள். ஆனி, ஆடியில் இங்கே கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று பகலெல்லாம் அடிக்கும். அது இல்லாத நாளிலும் மத்தியானம் தாண்டக் கடற்காற்று எழும்பும். உள்ளங்கை அளவு ஹெலி அதில் தாக்குப்பிடிக்காது. ஆகவே முதல் ஹெலியை வீட்டு ஹோலில் பறக்கவிடவென்றே வாங்குங்கள். கல்லடிக் கடற்கரை வேண்டாம். மணல் கியருக்குள் போனால் எடுக்க ஏலாது. வெளியே பறப்பதானால் இலை அசையாத விடியற்காலையில், திமிலைதீவு விமான நிலையப் பக்கம் போகாமல், விதிகளைக் கேட்டறிந்துகொண்டு செய்யுங்கள்.

அடுத்தது வகை. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். மேலே இறக்கை ஒரு பக்கம் சுற்றினால் உடல் மறுபக்கம் திரும்பப் பார்க்கும். சில ஹெலிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சோடி இறக்கைகள் எதிரெதிராகச் சுற்றி அந்த இழுவையைச் சமன் செய்யும். இவை சாதுவானவை, சின்னப் பிள்ளைக்கு நல்லவை. ஆனால் மின்விசிறிக் காற்றே தள்ளிவிடும். மற்ற வகையில் மேலே ஒரு சோடி இறக்கை, வாலில் ஒரு சின்ன விசிறி. இதிலும் இறக்கையின் சரிவு மாறாத, நாலு சனல் (ரிமோட்டில் தனித்தனியாகக் கட்டுப்படுத்தும் அசைவு ஒவ்வொன்றும் ஒரு சனல்), ஆறு அச்சு ஜைரோ (ஹெலி சரியாமல் பார்த்துக்கொள்ளும் உணரி) உள்ள ஒன்றையே நான் சொல்வேன். டபிள்யூஎல்டோய்ஸ் நிறுவனத்தின் வி911எஸ் அப்படிப்பட்டது. பறக்கும்போதே சரிவு மாறும் ஆறு சனல் ஹெலி தலைகீழாகவும் பறக்கும். விரல் சற்று அசைந்தாலும் பாயும். அது பிறகு பார்க்கலாம்.

மூன்று சனல் மலிவு. ஆனால் பக்கவாட்டில் நகர்த்த முடியாது, பிறகு விரல்களை மறுபடி பழக்க வேண்டிவரும். ரிமோட் 2.4 கிகாஹேர்ட்ஸ் ரேடியோ அலையில் வேலை செய்வதா என்று கேளுங்கள். அகச்சிவப்பு ரிமோட் வெயிலில் வேலை செய்யாது.

பணம் கொடுக்க முன்னம் உதிரிப்பாகம் கிடைக்குமா என்று பாருங்கள்: இறக்கை, வால், பெரிய கியர், அச்சு. கிடைக்காவிட்டால் எவ்வளவு மலிவானாலும் விடுங்கள். இறக்கையும் கூடுதல் பற்றரி இரண்டும் ஹெலியோடு சேர்த்தே எடுங்கள். ஒரு பற்றரி சில நிமிடங்கள்தான் தாங்கும். இந்த லித்தியம் பொலிமர் பற்றரி முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால் பழுதாகும், எனவே ஹெலியின் வலு குறைந்ததும் தரையிறக்கிவிடுங்கள். சூடு ஆறியபின் சார்ஜ் போடுங்கள், பக்கத்தில் ஆள் இருக்கட்டும். ஊதிய பற்றரியைத் திரும்பப் பாவிக்காதீர்கள்.

முதல் பறப்புக்குத் தரையில் பாய் விரித்து, மின்விசிறியை நிறுத்துங்கள். வால் உங்களைப் பார்த்தபடி வையுங்கள்; அப்போது உங்கள் இடப்பக்கமே ஹெலிக்கும் இடப்பக்கம். தரையை ஒட்டியே மெதுவாகத் தூக்காதீர்கள். இறக்கை கீழே தள்ளும் காற்று தரையில் பட்டுத் திரும்பி ஹெலியை ஆட்டும். தயங்காமல் இடுப்பு உயரத்துக்கு ஏற்றி, ஒரே இடத்தில் நிறுத்தப் பழகுங்கள். முன்னே பின்னே ஓட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு.

சுவரில் மோதப்போகிறது என்றால் த்ரொட்டிலை (இறக்கையின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) உடனே பூச்சியத்துக்கு இறக்குங்கள். சுற்றிக்கொண்டே மோதினால் இறக்கையோடு கியர்ப் பல்லும் போகும். சுற்று நின்றபின் பாயில் விழுந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.