பேரைப் பார்த்து இறால் நண்டைப் பிரிக்காதீங்க

வெள்ளவத்தை மாக்கட்டில வாங்கின இறாலை சிங்க்ல கொட்டினா எல்லாம் ஒரே குடும்பம் எண்டுதான் நினைப்பம், நானும் கன காலம் அப்பிடித்தான். பெரிய பிழையே இதுதான். கடல்ல பிடிக்கிற டைகர் இறாலும் நன்னீர்ல வாற குளத்து இறாலும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனா டெக்காபோடா எண்ட பத்துக்கால் வரிசையை ரெண்டாப் பிரிக்கேக்க டைகர் ஒரு பக்கம், குளத்து இறால் நண்டோட சேர்ந்து மற்றப் பக்கம்! டைகர் முட்டையைத் தண்ணியிலயே விட்டிட்டுப் போயிரும். குளத்து இறால், சிங்கி இறால் (லொப்ஸ்டர்), நண்டு எல்லாம் வயித்துக்குக் கீழ ஒட்டி வச்சு, பொரிக்குமட்டும் காவிக்கொண்டு திரியும்.

நம்பாட்டி உரிக்க முதல் பாருங்க. தலைக்குப் பின்னால ரெண்டாவது வளையத்தின்ர ஓடு முன்னுக்கும் பின்னுக்கும் இருக்கிற வளையத்தை மூடியிருந்தா அது குளத்து இறால், டைகர்ல கூரை ஓடு மாதிரி ஒண்டு அடுத்ததை மூடிக்கொண்டே போகும்.

சிங்கி இறாலுக்குப் பேர்தான் இறால். கூகிள்ல பெரிய கொடுக்கோட படத்தைப் பார்த்திட்டு எங்கட லொப்ஸ்டர் ஒரிஜினல் இல்லை எண்டு சொல்லாதீங்க, கொடுக்கில்லாத முள்ளு லொப்ஸ்டர் தனிக் குடும்பம். காலை மட்டும் எண்ணுறதும் சரிவராது, சங்குக்குள்ள இருக்கிற நண்டுக்குக் கடைசி ரெண்டு சோடியும் சின்னனா உள்ளுக்கு ஒளிச்சிருக்கும். அது உண்மையான நண்டுக் கூட்டமும் இல்லை, பக்கத்து வீட்டுச் சொந்தம்.

நிறத்தை நம்பி ஏமாறுற ஆக்கள்தான் கூட. நீலக்கால் நண்டில ஆண்தான் பளிச்செண்டு நீலம், பெண் மங்கல் கபிலம், ரெண்டு இனம் எண்டு சண்டை பிடிக்காம திருப்பிப் போட்டுப் பாருங்க, வயித்து மூடி ஒடுக்கமெண்டா ஆண், அகலமெண்டா பெண்.

மாறி, ஒரே மாதிரி இருக்கெண்டு எல்லாத்தையும் ஒண்டாப் போடவும் ஏலாது. சேத்து நண்டைக் கன காலம் ஸ்கில்லா செராட்டா எண்ட ஒரே விஞ்ஞானப் பேரில எழுதினவை, 1998இலதான் அதை நாலு இனமாத் தெளிவாப் பிரிச்சாங்க, அதால பழைய புத்தகத்தில அந்தப் பேரைக் கண்டா கொஞ்சம் யோசிங்க.

மலைநாட்டு ஓடையில பிடிக்கிற நண்டை "வயல் நண்டுதானே" எண்டு விடுறதும் பிழை. இலங்கையில 50க்கு மேல நன்னீர் நண்டு இனம் இருக்கு, கிட்டத்தட்ட எல்லாமே இங்க மட்டும்தான். கடல் நண்டின்ர குஞ்சு மாதிரி இதுகள் தண்ணியில மிதந்து தூரம் போறதில்லை, முட்டைக்குள்ள இருந்தே குட்டி நண்டா வந்து கொஞ்ச நாள் தாயின்ர மூடிக்குள்ளயே ஒட்டிக்கொண்டிருக்கும், பிறகும் அந்த ஓடைதான் ஊர், அதாலதான் மலைக்கு மலை இனம் மாறுது.