தாமிரபரணியில் முங்கப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குப் போய்விட்டு ஆற்றில் ஒரு முங்கு போடாமல் திரும்ப யாருக்கும் மனம் வராது. தாராளமாகப் போடுங்கள், இடமும் நாளும் பார்த்து. பாபநாசத்துத் தண்ணீர் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டைக்கு வருவதற்குள் வழியில் உள்ள ஊர்களின் சாக்கடையையும் வாங்கிக்கொள்கிறது. ஊருக்குள் ஓடும் பாளையங்கால், நெல்லைக்கால் வாய்க்கால்களில் குழந்தைகளை இறக்கவே வேண்டாம். ஆற்றில் குளிப்பதென்றால் மாநகருக்கு மேற்கே, ஓட்டம் உள்ள துறையாகப் பாருங்கள். அமாவாசைக் கூட்டத்தில் துறைக்கு மேல்பக்கம், தண்ணீர் வரும் திசையில் நில்லுங்கள்.

டிசம்பர் விடுமுறையில் போகிறவர்கள் கவனிக்க: அது வடகிழக்குப் பருவமழைக் காலம். 2023 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும். மழை பெய்து ஆறு செம்மண் நிறத்தில் வரும்போது தெருவும் தொழுவமும் கழுவிய தண்ணீர்தான் முதலில் வந்து சேரும். எலி, மாட்டின் சிறுநீரில் இருக்கும் எலிக்காய்ச்சல் கிருமி, காலில் உள்ள சிறு கீறல் வழியாகவும் ஊறிப்போன தோல் வழியாகவும் உள்ளே போய்விடும். தெருவில் தேங்கிய தண்ணீரில் செருப்பில்லாமல் நடப்பதிலும் இதே ஆபத்து உண்டு. தண்ணீர் தெளியும் வரை, காலில் புண் இருந்தால் அது ஆறும் வரை, இறங்காதீர்கள்.

முங்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். தேங்கிய குளத்தில் முங்குகிறவர்களுக்கு மூக்கினுள் சதை வளர்ந்து ரத்தம் கசியும் நோய், தென் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பல காலமாக உண்டு. தர்ப்பணத்தில் உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சும் ஆசமனத்துக்கு வீட்டிலிருந்து கொதித்தாறிய தண்ணீரைச் செம்பில் கொண்டுபோங்கள். ஆற்றில் வாய் கொப்பளிக்க வேண்டாம்.

"நமக்குப் பழகின தண்ணிதானே" என்ற நினைப்புதான் பலரைப் படுக்கையில் தள்ளுகிறது. பல வருடம் வெளிநாட்டில் இருந்தால் அந்தப் பழக்கம் போய்விடும். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது இருந்ததே இல்லை. டைபாய்டு ஊசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது 2 வாரம் முன்பே போடுங்கள். மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ் ஏ கிருமிக்கான ஊசி பற்றியும் அப்போதே கேளுங்கள்.

குடிதண்ணீர் தளதளவென்று 1 நிமிடம் கொதித்தால் போதும். கெடுவது அதற்குப் பிறகுதான்: கொதித்த பானைக்குள் ஆளாளுக்கு டம்ளரை விட்டு மொள்வார்கள், விரலும் சேர்ந்து நனையும். குழாய் வைத்த பாத்திரம் ஒன்று வாங்கிவிடுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் குடிக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் 1 லிட்டர் என்று போட்டிருந்தால் முழு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கினால் உப்பும் சர்க்கரையும் கூடிப் போக்கு அதிகமாகும். 200 மில்லிக்கான சிறு பொட்டலமும் கடையில் உண்டு, அளவைப் படித்து வாங்குங்கள். கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், சிறுநீர் குறைதல் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எலிக்காய்ச்சல் தலைகாட்ட 2 முதல் 30 நாள் ஆகலாம். மஞ்சள் காமாலைக்கு 50 நாள் வரைகூட ஆகும். அதற்குள் நீங்கள் டொராண்டோவிலோ லண்டனிலோ இருப்பீர்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், ஊருக்குப் போனதையும் ஆற்றில் குளித்ததையும் தேதியோடு அங்குள்ள மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். கேட்க அவருக்குத் தோன்றாமல் போகலாம்.